டங் டை, லிப் டை உள்ள கைக்குழந்தைக்கு மென்மையான வாய்ப் பயிற்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குழந்தைக்கு டங் டை இருக்கிறது, வாயில் கொஞ்சம் பயிற்சி கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எவ்வளவு அழுத்துவது, எப்போது செய்வது, குழந்தை அழுதால் என்ன செய்வது என்பதை உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. வீட்டுக்கு வந்து, மடியில் குழந்தையும் கையில் போனுமாகத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காகவும், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பாட்டிகளுக்காகவும் இந்தப் பக்கம். முக்கியமாக முதல் ஆறு மாதக் குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். உங்கள் குழந்தையை நேரில் பார்த்த டாக்டர் இதிலிருந்து மாறுபட்டு ஏதாவது சொல்லியிருந்தால், ஏன் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டங் டை, லிப் டை என்றால் என்ன?

நாக்கின் அடிப்பக்கத்துக்கும் வாயின் தரைக்கும் நடுவே ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கிறது. கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கினால் உங்களுக்கே தெரியும். அது எல்லோருக்கும் உண்டு. சில குழந்தைகளுக்கு அது குட்டையாக, தடிமனாக, அல்லது நாக்கு நுனிக்கு மிக அருகில் இருக்கும். அதனால் நாக்கு மேலே எழும்பவோ கீழ் ஈறைத் தாண்டி வெளியே வரவோ சிரமப்படும். அதைத்தான் டங் டை என்கிறார்கள். குழந்தை அழும்போது நாக்கின் நடுப்பகுதி கீழேயே கிடந்து ஓரங்கள் மட்டும் எழும்புவதும், நாக்கை நீட்டினால் நுனியில் ஒரு பள்ளம் விழுவதும் வழக்கமான அடையாளங்கள். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு.

லிப் டை என்பது மேல் உதட்டின் உட்பக்கத்தை ஈறோடு இணைக்கும் ஜவ்வைப் பற்றியது. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

இருக்கிறது என்று சொன்னாலே ஏதாவது செய்தாக வேண்டுமா?

இல்லை. நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, அம்மாவுக்கும் வலியில்லாமல் இருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஜவ்வு பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதைவிட நாக்கு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் டங் டையோடு அழகாகப் பால் குடிக்கும் குழந்தைகளும் உண்டு. போட்டோ எடுத்து அனுப்பி "இது எந்த கிரேடு?" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தை பால் குடிப்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும், அதுதான் சரியான பரிசோதனை.

பயிற்சி செய்தால் ஜவ்வு நீளுமா? தளருமா?

நீளாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையில்தான் பலர் அழுத்தி இழுத்துவிடுகிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் நிக்கி மில்ஸும் அவருடைய குழுவும் 2019இல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வுகளில், இந்த ஜவ்வு தனியாக நிற்கும் ஒரு கயிறு அல்ல என்று காட்டினார்கள். வாயின் தரை முழுவதும் விரிந்திருக்கும் ஒரு திசுப் படலம், நாக்கு எழும்பும்போது மடிப்பாக எழுகிறது. அந்த மடிப்பைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்குள் நாக்கின் நரம்புக் கிளைகளும் மிக அருகிலேயே போகின்றன. விரலால் தினமும் இழுத்து இதை நீளமாக்கலாம் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இழுத்தால் வலிக்கும், கிழியவும் செய்யலாம்.

அப்படியென்றால் எதற்காகப் பயிற்சி?

வாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுக்கம் தளரவும், இருக்கும் இடத்துக்குள் நாக்கை நன்றாகப் பயன்படுத்தவும், வாய்க்குள் ஏதாவது வந்தால் பயப்படாமல் இருக்கவும். நாக்கு சரியாக எழும்பாத குழந்தை பாலை இழுக்கத் தாடையால் கடிக்கும், உதட்டை இறுக்கும், கன்னத்தை உள்ளிழுக்கும். கொஞ்ச நேரத்திலேயே களைத்துத் தூங்கிவிடும். பால் கொடுக்கும் முன் கன்னத்தையும் தாடையையும் தடவிக் கொடுத்தால் சில குழந்தைகள் வாயை அகலமாகத் திறக்கிறார்கள். விரலைச் சப்ப வைத்தால் நாக்கை முன்னால் கொண்டுவரப் பழகுகிறார்கள்.

இந்தப் பயிற்சிகளுக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது. அதனால்தான் இவை கட்டாயம் அல்ல. மென்மையாகச் செய்தால் கெடுதல் இல்லை, சில குழந்தைகளுக்கு உதவுகிறது, செலவும் இல்லை. ஆனால் குழந்தைக்குப் பிடிக்காமல் போனால், செய்வதற்கான காரணமே போய்விடுகிறது.

எந்த நேரத்தில் செய்வது?

குழந்தை விழித்து, அமைதியாக, சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் நல்லது. பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால், பசி லேசாகத் தொடங்கும்போது செய்யலாம். நாக்கைச் சுழற்றுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது எல்லாம் அந்த நேரத்தில் தெரியும். வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டால் முதலில் பால்தான். வயிறு நிறைந்தவுடன் செய்தால் குமட்டி எல்லாவற்றையும் கக்கிவிடும்.

ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை என்றால் தாராளம். தூங்கும் குழந்தையை இதற்காக எழுப்ப வேண்டாம்.

கை எப்படி இருக்க வேண்டும்?

நகத்தை ஒட்ட வெட்டி, முனையைத் தேய்த்து மழுமழுப்பாக்கிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சோப்பு வாசனை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். விரலில் புண்ணோ நகச்சுற்றோ இருந்தால் வேறொருவர் செய்யட்டும். மிளகாய் அரிந்த கையோடு குழந்தை வாயைத் தொட்டுவிட்டுத் தவிக்கும் வீடுகள் உண்டு. அன்றைக்குச் சமையல் செய்யாதவர் கை நல்லது. வீட்டில் கையுறை அவசியமில்லை.

சரி, எப்படிச் செய்வது?

உட்கார்ந்து தொடைகளைச் சேர்த்து, குழந்தையின் தலை உங்கள் முழங்கால் பக்கமும் கால் உங்கள் வயிற்றுப் பக்கமுமாக, உங்கள் முகத்தைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். பேசுங்கள், பாடுங்கள். வாயை நேராகத் தொடாதீர்கள். உள்ளங்கையால் நெஞ்சு, தோள், கன்னம் என்று மெல்ல மேலே வாருங்கள். எங்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறதோ அங்கே நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

முதலில் வெளிப்பக்கம். காதுக்கு முன்னால், வாயைத் திறந்து மூடும்போது அசையும் தாடை மூட்டு இருக்கிறதே, அந்த இடத்தில் இரண்டு விரல் நுனிகளால் சிறிய வட்டமாகத் தடவுங்கள். மூடிய கண்ணிமையை எவ்வளவு மெதுவாகத் தொடுவீர்களோ அவ்வளவு அழுத்தம்தான். அங்கிருந்து கன்னத்தின் வழியாக உதட்டு ஓரம் வரை ஒரு நீண்ட தடவல். மூக்குக்குக் கீழே நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மேல் உதட்டைத் தடவுங்கள். கீழ் உதட்டுக்குக் கீழேயும், தாடை நுனியிலும் அதேபோல. பல குழந்தைகளுக்கு இதுவே மிகவும் பிடிக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்து, அனுமதி கேட்பது. ஆள்காட்டி விரலைக் கீழ் உதட்டின் நடுவில் லேசாகத் தட்டிவிட்டுக் காத்திருங்கள். குழந்தை தானாக வாயைத் திறந்து விரலைத் தேடினால் உள்ளே போகலாம். உதட்டை இறுக்கிக்கொண்டால், இப்போது வேண்டாம் என்று பொருள். வாயைப் பிளந்து விரலை நுழைப்பது இந்தப் பயிற்சியில் எந்த இடத்திலும் கிடையாது.

ஈறு தடவுவது இப்படி: விரல் நுனியைக் கீழ் ஈறின் நடுவில் வைத்து, மெதுவாக ஒரு பக்கமாகக் கடைசிவரை நகர்த்துங்கள். நாக்கு விரலைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கம் வரும். பிறந்த குழந்தைக்கே இருக்கும் இயல்பான அனிச்சை அது. திரும்ப நடுவுக்கு வந்து அடுத்த பக்கம். ஒரு பக்கம் நாக்கு நன்றாக வந்து மறுபக்கம் வரத் தயங்குவது உண்டு. தயங்கும் பக்கத்தில் விரலைச் சற்று அதிக நேரம் வைத்துக் காத்திருங்கள், நாக்கைத் தள்ளிவிடாதீர்கள். மேல் ஈறிலும் இதையே செய்யலாம்.

பிறகு சப்ப வைப்பது. விரலின் சதைப்பகுதி மேலே அண்ணத்தைப் பார்த்து, நகம் கீழே நாக்கின் பக்கமாக இருக்கட்டும். பெரும்பாலான குழந்தைகள் உடனே சப்பத் தொடங்கும். நல்ல சப்பலில் நாக்கு விரலுக்குக் கீழே ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி குவிந்து, முன்னிருந்து பின்னாக அலையாக நகர்வது உங்களுக்கே தெரியும். கடினமான அண்ணம் முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் இடத்தைத் தாண்டி விரல் போகக் கூடாது, போனால் குமட்டும். நாலைந்து சப்பலுக்குப் பிறகு விரலை மிக மெதுவாக வெளியே இழுப்பதுபோல் செய்யுங்கள். விரலைத் தக்கவைக்கக் குழந்தை இன்னும் பலமாக இழுக்கும், நாக்கும் விரலோடு முன்னே வரும். டங் டை உள்ள குழந்தைக்கு எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான், ஏனென்றால் வேலையை முழுக்கக் குழந்தையே செய்கிறது. நாக்கின் பின்பகுதி முட்டிக்கொண்டு விரலை வெளியே தள்ளினால், விரலின் பின்பக்கத்தால் நாக்கின் நடுவில் லேசாகக் கீழ்நோக்கி ஒரு நொடி அழுத்திவிட்டு விடுங்கள். மறுபடியும் சப்பல் வருகிறதா பாருங்கள்.

கன்னத்தின் உட்பக்கத்தில் விரலை வைத்து, வெளியே கட்டைவிரலால் பிடித்து, ஒரு நொடி மெல்ல வெளிப்பக்கமாக இழுத்து விடுவது இன்னொன்று. கன்னத்தை இறுக்கிக்கொண்டு பால் குடிக்கும் குழந்தைக்கு இது இதமாக இருக்கும்.

கடைசியாக, ஒரு விரலும் தேவைப்படாத பயிற்சி. ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் உங்கள் நாக்கை மெதுவாக நீட்டிக் காட்டுங்கள். காத்திருங்கள், மறுபடி காட்டுங்கள். இரண்டு மூன்று மாதக் குழந்தைகளிடம் இது பெரிய விளையாட்டாகிவிடும். அண்ணன், அக்கா இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

குப்புறப் படுக்க வைப்பதற்கும் நாக்குக்கும் என்ன தொடர்பு?

கழுத்தும் தாடையும் இறுகியிருந்தால் வாய் அகலமாகத் திறக்காது. விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டால், குழந்தை தலையைத் தூக்க முயலும்போது கழுத்துத் தசைகள் வேலை செய்யும், நாக்கும் இயல்பாக முன்னால் விழும். முதல் வாரங்களில் ஒரு தடவைக்கு ஓரிரு நிமிடம் போதும். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான்.

தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அல்லது ஒரு பக்க மார்பில் மட்டும் குடிக்க மறுத்தால், அதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம், அதற்குப் பிசியோதெரபிஸ்ட் உதவ முடியும். கழுத்தை நீங்களாகத் திருப்பிவிடாதீர்கள்.

லிப் டைக்கு மேல் உதட்டைத் தூக்கித் தூக்கிவிடச் சொல்கிறார்களே?

மேல் உதட்டு ஜவ்வு எல்லாப் பச்சிளங்குழந்தைக்கும் இருக்கிறது. பலருக்கு அது ஈறின் விளிம்பு வரைக்கும்கூட இறங்கியிருக்கும். தாடை வளர வளர அது மேலே ஏறிவிடுகிறது. பால் பற்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பதும் இயல்புதான். நிரந்தரக் கோரைப்பற்கள் வரும் வயதில் பலருக்கு அது தானாக மூடிக்கொள்கிறது. மேல் உதட்டு ஜவ்வை வெட்டுவதைப் பரிந்துரைக்க முடியாது என்று தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில் சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2024 அறிக்கையும் அதே பக்கம்தான் நிற்கிறது.

அதனால் உதட்டுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். மூக்குக்குக் கீழிருந்து மேல் உதட்டைத் தடவிவிடுங்கள். பால் குடிக்கும்போது உதடு உள்பக்கம் மடங்கி உங்களுக்கு வலித்தால், விரல் நுனியால் மெல்ல வெளியே எடுத்துவிடுங்கள். மேல் உதடு மீன் வாய்போல முழுக்க மலர வேண்டும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். கீழ் உதடுதான் நன்றாக மலர வேண்டும், மேல் உதடு மார்பின் மேல் சாதாரணமாகப் படிந்திருந்தால் போதும்.

உதட்டை மூக்குவரை பிடித்துத் தூக்குவது வேண்டாம். அந்த ஜவ்வு எளிதில் கிழியும். நடக்கப் பழகும் குழந்தை விழுந்து அதைக் கிழித்துக்கொள்வது சகஜம், தானாக ஆறிவிடும். ஆனால் படுத்தே இருக்கும் குழந்தைக்கு அது கிழிந்தால் யாரோ முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்கள் என்றுதான் டாக்டர் சந்தேகப்படுவார்.

செய்யும்போது அழுதால் நிறுத்துவதா, முடித்துவிடுவதா?

நிறுத்துங்கள். விரலை எடுத்துவிட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள். "அழுதாலும் பரவாயில்லை, நல்லதுக்குத்தானே" என்று தொடர்வதில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. பால், அம்மாவின் மார்பு, பின்னால் கஞ்சி, இட்லி என்று குழந்தைக்குக் கிடைக்கும் பெரும்பாலான நல்ல விஷயங்கள் வாய் வழியாகத்தான் வருகின்றன. வாய்க்குள் வருவதெல்லாம் வலி என்று குழந்தை கற்றுக்கொண்டால் மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்வது டங் டையைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

அழுகைக்கு முன்பே குழந்தை சொல்லிவிடும். விரல்களை அகல விரிப்பது, முதுகை வளைப்பது, புருவத்தைச் சுருக்குவது, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது, திடீரென விக்கல் அல்லது தும்மல். இதெல்லாம் போதும் என்பதற்கான அடையாளம்.

நாக்கின் ஜவ்வை வெட்டிய பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவை, இரவிலும் எழுப்பிப் புண்ணை இழுத்துவிடச் சொன்னார்கள். செய்ய வேண்டுமா?

இந்தக் கேள்விதான் பெற்றோரை அதிகம் அழ வைப்பது. வெட்டிய இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நாக்கைத் தூக்கிப் புண்ணை விரித்துவிட வேண்டும் என்று சில மருத்துவர்கள் மூன்று நான்கு வாரம்வரைகூடச் சொல்கிறார்கள். குறிப்பாக லேசரில் செய்பவர்கள். அப்படிச் செய்வதால் ஒட்டிக்கொள்வது குறைகிறது என்று நம்பகமான ஆய்வு எதுவும் காட்டவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024இல் இதைப் பார்த்துவிட்டு, வெட்டிய பிறகான இழுப்புப் பயிற்சிகளால் பலன் நிரூபிக்கப்படவில்லை, குழந்தைக்கு வாயில் எதையும் வைக்கவே வெறுப்பு வர வாய்ப்புண்டு என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

எனவே என் கருத்தில், வெட்டிய பிறகு மிகச் சிறந்த பயிற்சி அடிக்கடி பால் கொடுப்பது. ஒவ்வொரு முறை மார்பில் குடிக்கும்போதும் நாக்கு எழும்பி, நீண்டு, புண் ஆறும் காலம் முழுவதும் அசைந்துகொண்டே இருக்கிறது. அதோடு மேலே சொன்ன ஈறு தடவலும் விரல் சப்பலும் போதும், அதுவும் முதல் ஓரிரு நாள் போகட்டும்.

வெட்டிய டாக்டர் கண்டிப்பாகச் செய்யச் சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? குழந்தை ரொம்ப அழுதால் நிறுத்தலாமா? இரவில் விட்டுவிடலாமா?" நேரில் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். பேசிவிட்டுச் செய்வதென்று முடிவெடுத்தால், புண்ணின் மேல் விரல் படாமல், அதன் இரண்டு பக்கமும் விரல் நுனியை வைத்து நாக்கை மேலே தூக்கி இரண்டு மூன்று நொடியில் விட்டுவிட வேண்டும். தேய்ப்பது கூடாது. இரத்தம் வரும்வரை அழுத்தச் சொன்னால் வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

நாக்குக்கு அடியில் வெள்ளையாக, மஞ்சளாக இருக்கிறது. சீழா?

பெரும்பாலும் இல்லை. வெட்டிய இடம் வைர வடிவில் விரிந்து, ஓரிரு நாளில் வெளிர் மஞ்சள் படலம் படியும். வெளிக்காயத்தில் பொருக்குக் கட்டுவதுபோல் வாய்க்குள் நடக்கும் ஆறுதல் அது. சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் சுருங்கி மறையும். காய்ச்சல், வீக்கம், கெட்ட வாடை, பால் குடிக்க மறுப்பு இதில் எது சேர்ந்தாலும் காட்டிவிடுங்கள்.

எச்சிலில் இரண்டொரு சொட்டு இரத்தம் தெரிந்தால் பால் கொடுங்கள், சப்பும்போதே நின்றுவிடும். தொடர்ந்து கசிந்தால் சுத்தமான காஸ் துணியை மடித்து நாக்குக்கு அடியில் ஐந்து பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் இருந்தாலோ, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடவில்லை என்றாலோ, வெட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிக்கு என்ன கொடுக்கலாம்? கொஞ்சம் தேன் தடவலாமா?

தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வரலாம். பல் முளைக்கும்போது தடவும் மரத்துப்போக வைக்கும் ஜெல்களும் வேண்டாம். அவற்றில் பென்சோகெயின் இருந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கிராம்புத் தைலமும் அப்படியே, ஒதுக்கிவிடுங்கள்.

தாய்ப்பாலும், மேலோடு மேல் படும்படி அணைத்துக்கொள்வதும் நல்ல வலி நிவாரணிகள். பாராசிட்டமால் தேவைப்பட்டால் டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவு மட்டும். நம் கடைகளில் கிடைக்கும் டிராப்ஸில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.யில்தான் 120 அல்லது 125 மி.கி. இருக்கும். சிரப் அளவில் டிராப்ஸைக் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாட்டிலைப் பார்த்துக் கொடுங்கள்.

குளிப்பாட்டும்போது வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பது, எண்ணெய் விடுவது, வசம்பு தடவுவது?

பாட்டிகள் அன்போடுதான் செய்கிறார்கள், அவர்களிடம் அதே அன்போடு சொல்ல வேண்டிய விஷயம் இது. மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியா வரும். சாதாரண நிமோனியா மருந்துக்கு அது லேசில் கேட்காது. தொண்டைவரை விரல் விட்டு வழித்தால் புண்ணாகும், கிருமி சேரும். நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுப்பதால் டங் டை சரியாகாது. சுட்ட வசம்பை உரசி நாக்கில் தடவுவதும், வெட்டிய புண் இருக்கும் வாயில் இன்னும் ஆபத்து.

அதற்குப் பதிலாகப் பாட்டிக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. கன்னமும் தாடையும் தடவிவிடுவதில் அவர்கள் கைப்பழக்கம் நம்மைவிட நன்றாக இருக்கும். அந்தப் பகுதியை முழுக்க அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சியைவிட முக்கியமானது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மார்பில் பிடிக்க வைக்கும் விதம். டங் டை என்று வருபவர்களில் பலருக்கு இதைச் சரிசெய்தாலே பாதி வலி போய்விடுகிறது. சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியபடி மேலே போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். தலை சற்றுப் பின்னால் சாய்ந்து வாய் அகலமாகத் திறந்ததும், முதலில் தாடை மார்பில் பதியும்படி சேர்த்து அணையுங்கள். காம்பு மட்டும் அல்ல, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி நன்றாக வாய்க்குள் போக வேண்டும். குழந்தை விட்டபிறகு காம்பு ஒரு பக்கம் சரிவாக, புது லிப்ஸ்டிக் முனைபோல நசுங்கி வந்தால் பிடிப்பு இன்னும் ஆழமாகவில்லை என்று அர்த்தம்.

மார்பில் போதுமான அளவு குடிக்க முடியாத நாட்களில் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த பாலாடையைக் கீழ் உதட்டின் மேல் வைத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அது விழுங்க விழுங்கச் சாயுங்கள். படுக்க வைத்துத் தொண்டையில் ஊற்றக் கூடாது. பீய்ச்சிக்கொண்டே இருந்தால் பால் சுரப்பும் குறையாது.

வெட்டத்தான் வேண்டுமா? கத்தரியா, லேசரா?

பிடிப்பைச் சரிசெய்து, உதவியோடு சில நாள் முயன்றும் அம்மாவுக்கு வலி குறையவில்லை, குழந்தைக்கு எடை ஏறவில்லை, ஜவ்வும் நாக்கை உண்மையிலேயே கட்டிப் போடுகிறது என்றால் வெட்டுவது நியாயமான முடிவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 302 குழந்தைகள். வெட்டியதால் அம்மாவின் காம்பு வலி சில காலத்துக்குக் குறைந்தது தெரிந்தது. குழந்தை குடிப்பது மேம்பட்டதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. சின்னக் குழந்தைக்குக் கத்தரியால் சில நொடிகளில் முடிந்துவிடும், மயக்க மருந்து தேவைப்படாது. லேசர் அதைவிட மேல் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, செலவு மட்டும் கூடுதல்.

இப்போது பயிற்சி செய்யாவிட்டால் பேச்சு வராதா?

டங் டையால் குழந்தை பேசத் தாமதமாவதில்லை. பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு நாக்கை வெட்டுவதால் நேரம்தான் வீணாகும். மிக இறுக்கமான டங் டை இருந்தால் நாக்கு நுனியை உயர்த்தி, வளைத்துச் சொல்லும் சில ஒலிகளில் தெளிவு குறையலாம். தமிழில் ர, ற, ல, ள, ழ போன்றவை அப்படிப்பட்டவை. ஆனால் இவை எல்லாக் குழந்தைகளுக்குமே தாமதமாகத்தான் படியும். நாலைந்து வயதில் பேச்சுப் பயிற்சியாளர் கேட்டுவிட்டு முடிவு சொல்லட்டும். கைக்குழந்தையின் வாயில் இன்று செய்யும் பயிற்சி நாளைய ழகரத்தைத் தீர்மானிப்பதில்லை.

எதற்கெல்லாம் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். எழுப்பினாலும் பாலுக்கு விழிக்காத தூக்கம். குடிக்கும்போது நீலம் பாரிப்பது, புரையேறிக்கொண்டே இருப்பது. மூக்கு வழியாக அடிக்கடி பால் வருவது, ஏனென்றால் அண்ணத்தில் மறைந்திருக்கும் பிளவு இருக்கலாம். பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழிப்பது. இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்குத் திரும்பாதது. அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள்.

யாரிடம் காட்டுவது?

முதலில் குழந்தை மருத்துவர், கூடவே தாய்ப்பால் ஆலோசகர் அல்லது பிரசவ வார்டில் அனுபவமுள்ள செவிலியர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவர், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பால் குடிப்பதைப் பார்க்காமலேயே, வாயைத் திறந்து பார்த்த உடனே வெட்டத் தேதி கொடுப்பவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எத்தனை நாள் செய்ய வேண்டும்?

கணக்கு எதுவும் இல்லை. வலியில்லாமல் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம். நான்கைந்து மாதத்தில் குழந்தை தன் கையையும் பொம்மையையும் வாயில் போட்டுத் தானே ஈறைத் தேய்த்துக்கொள்ளும். ஆறு மாதம் முடிந்து மசித்த சாதமும் வாழைப்பழமும் கொடுக்க ஆரம்பித்தால் நாக்குக்கு நாள் முழுக்க வேலை. அப்போது குமட்டல் அதிகமாக இருந்தாலோ, உணவை நாக்கால் பின்னால் தள்ளவே முடியாமல் தவித்தாலோ மறுபடி ஒருமுறை காட்டுங்கள்.